கம்பியில்லா சார்ஜர்: வாங்குமுன் அறிய வேண்டியவை

பச்சைத் தேயிலைக்குரிய தொகை இன்று நம் அங்கத்தினர் பலருக்கு வங்கிக் கணக்கிலேயே சேர்கிறது; சேர்ந்த செய்தி கைப்பேசியில் வருகிறது. ஆகவே கைப்பேசி உயிரற்றுக் கிடப்பது, இக்காலத்தில் வரவு செலவையே தடுத்து நிறுத்துவதாகும்.

கடந்த மழைக்காலத்தில் குந்தா பக்கத்துச் சங்கமொன்றுக்கு ஆய்வுக்காகச் சென்றிருந்தோம். அங்கத்தினர் ஒருவர், தாம் புதிதாக வாங்கிய வயர்லெஸ் சார்ஜரை நம்மிடம் காட்டி, "ஐயா, இரவெல்லாம் இதன்மேல் போனை வைத்திருந்தேன், துளியும் ஏறவில்லை" என்று வருந்தினார். தட்டில் குறை ஏதுமில்லை. அவருடைய கைப்பேசியில் அவ்வழியாக மின்சாரத்தை வாங்கிக்கொள்ளும் உறுப்பே இல்லை! அவர் செலவிட்ட பணம் பிறருக்கேனும் பாடமாகட்டும் என்று கருதியே இதனை எழுதுகிறோம்.

கம்பியில்லாமல் மின்சாரம் எவ்வாறு தாவுகிறது? தார்க்குச்சியில் நெசவாளர் நூல் சுற்றுவதுபோல, மெல்லிய செம்புக் கம்பியைத் தட்டையாகச் சுற்றிய சுருள் ஒன்று தட்டினுள் இருக்கிறது. அதில் மின்சாரம் வினாடிக்கு ஒரு லட்சம் தடவைக்கு மேல் திசை மாறி ஓடுகிறது. அதனால் எழும் காந்தப்புலம், கைப்பேசியினுள் இருக்கும் மற்றொரு சுருளில் மின்சாரத்தைத் தூண்டுகிறது. 1831ஆம் ஆண்டில் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த தத்துவமே இது. நம் மலைக்கும் இது புதிதன்று. 1932இல் பைக்காரா மின் நிலையம் இயங்கத் தொடங்கிய காலந்தொட்டு, மின்மாற்றிகள் இதே தத்துவத்தால்தான் வேலை செய்து வருகின்றன.

கம்பி இல்லை என்று சொன்னாலும், இல்லாதது கடைசிச் சில மில்லிமீட்டர் தூரத்துக்குத்தான். தட்டுக்கு வயரும் அடாப்டரும் வேண்டும். சுவரில் மின்சாரமும் வேண்டும்.

வாங்குவோர் கவனிக்க வேண்டியவை நான்கு. முதலாவது, தம் கைப்பேசிக்கு இவ்வசதி உண்டா என்பதை அதன் விவரத் தாளில் பார்த்தல். விலை குறைந்த கைப்பேசிகள் பெரும்பாலானவற்றில் இது இருப்பதில்லை. இரண்டாவது, தட்டின்மேல் கியூ, ஐ என்னும் இரண்டு ஆங்கில எழுத்துகளாலான தர முத்திரை இருத்தல். 2008இல் அமைந்த உலகக் கூட்டமைப்பு ஒன்று வகுத்த பொதுத் தரம் இது. ஒரு நிறுவனத்தின் தட்டு மற்றொரு நிறுவனத்தின் கைப்பேசிக்குப் பொருந்துவது இதனாலேயே. 2023இல் வந்த இதன் இரண்டாம் தரத்தில், கைப்பேசியைச் சரியான இடத்தில் பிடித்து நிறுத்தக் காந்தங்கள் உள்ளன. மூன்றாவது, அடாப்டர். 15 வாட் தட்டுக்கு 5 வாட் அடாப்டரைப் பொருத்திப் பயனில்லை; இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு எண் உள்ள அடாப்டரையே வாங்குக. நான்காவது, கைப்பேசியின் உறை. உலோகத் தகடோ வளையமோ பதித்த உறையும், மிகத் தடித்த உறையும் ஆகா.

உபயோகத்தில், இரு சுருள்களும் நேருக்கு நேர் அமைதல் முக்கியம். சிறிது விலகினாலும் மின்சாரம் வெப்பமாக வீணாகும். வீணாகும் மின்சாரத்தின் விலை பெரிதன்று: நாளொன்றுக்கு 10 வாட்-மணி கூடுதலாகச் செலவானாலும் ஆண்டுக்கு 4 யூனிட்டை எட்டாது. வெப்பம் பேட்டரியின் ஆயுளைக் குறைப்பதே உண்மையான நஷ்டம். ஆதலால் கணப்பின் அருகிலோ கம்பளியின் அடியிலோ தட்டை வைக்கலாகாது. நாணயம், சாவி, வங்கி அட்டை ஆகியவை இடையில் சிக்கலாகாது. உறைபனிக் காலத்தில், வெளியே குளிர்ந்து கிடந்த கைப்பேசியை அறையின் இளஞ்சூட்டுக்கு வந்த பின்னரே மின்னேற்றுக. உறைநிலைக்குக் கீழே மின்னேற்றுவது லித்தியம் பேட்டரியைக் கெடுக்கும். இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் மின்னேற்றத்தில் உள்ள கைப்பேசியையும் தட்டையும் மார்பிலிருந்து 30 சென்டிமீட்டருக்கு அப்பால் வைத்து, மருத்துவரின் யோசனையையும் பெறுதல் நலம்.

அப்படியாயின் இத்தட்டு நமக்குத் தேவைதானா? மழையில் இலை பறித்துத் திரும்பும்போது கைப்பேசியின் சார்ஜர் துளையில் ஈரம் புகுவதுண்டு. அப்போது ஈரம் இருப்பதாக எச்சரித்து, வயர் வழி வரும் மின்சாரத்தைப் பல கைப்பேசிகள் ஏற்க மறுக்கும். அவ்வேளையில் கைப்பேசியின் முதுகையும் தட்டையும் நன்கு துடைத்து உலர்த்தி, தட்டின்மேல் வைத்து மின்னேற்றலாம். அடிக்கடி செருகித் துளை தேய்வதும் இதனால் குறையும். ஆனால் மரம் விழுந்து மின்சாரம் தடைப்பட்டு, சிறிது நேரமே திரும்பி வரும் நாட்களில் வயரே விரைவில் கை கொடுக்கும்.

ஆகவே, தட்டை வயருக்குத் துணையாகக் கொள்க. வயருக்கு மாற்றாகக் கொள்ள வேண்டா. இவ்வசதியுள்ள கைப்பேசிகள் அங்கத்தினரிடையே சிலவேனும் இருப்பின், சங்க அலுவலகத்தில் நல்ல தட்டு ஒன்றை வாங்கி வைக்கலாம். புதிதாக வாங்க எண்ணுவோர் தம் கைப்பேசியை அதில் வைத்துப் பார்த்த பின் கடைக்குச் செல்லட்டும். தனியொருவர் பணம் கொடுத்துக் கற்ற பாடத்தைப் பலர் செலவின்றிக் கற்பதும் கூட்டுறவின் பயன்களுள் ஒன்றன்றோ?