தொழில் கற்கும் வழிகள் – 4: சான்றிதழுக்கு மூன்று பாதைகள்

மலேசியாவில் ஒருவரின் தொழில்திறனை அளக்க அடிப்படையாக இருப்பது ‘நோஸ்’ எனப்படும் தேசியத் தொழில்திறன் தரநிலை. வெல்டிங் ஆகட்டும், சிகையலங்காரம் ஆகட்டும், அந்த வேலைக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும், எதை யார் உதவியுமின்றிச் செய்ய வேண்டும் என்று நிலைவாரியாக அது வகுத்துச் சொல்கிறது. அதைத் தயாரித்து வெளியிடுவது மனிதவள அமைச்சின் கீழ் இயங்கும் திறன் மேம்பாட்டுத் துறை, சுருக்கமாக ஜே.பி.கே. இந்த ஏற்பாட்டுக்குச் சட்டபலம் தருவது 2006ஆம் ஆண்டின் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டம்.

இத்தரநிலையை எட்டியவருக்குக் கிடைப்பது மலேசியத் திறன் சான்றிதழ், எஸ்.கே.எம். இதில் 1 முதல் 3 வரை நிலைகள் உண்டு. 4ஆம் நிலை டிப்ளோமா, 5ஆம் நிலை உயர்நிலை டிப்ளோமா.

சான்றிதழ் பெற மூன்று பாதைகள் இருக்கின்றன. பலரும் அறிந்தது, அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிலையத்தில் சேர்ந்து படிப்பது. கிள்ளான் பள்ளத்தாக்கில் ஷா ஆலாம் அட்டெக் போன்ற அரசு நிலையங்கள் முதல் தனியார் நிலையங்கள் வரை இதற்கு இடமுண்டு.

இரண்டாவது, 2005இல் தொடங்கிய எஸ்.எல்.டி.என். எனும் தேசிய இரட்டைப் பயிற்சி முறை. ஜெர்மனியின் முறையை ஒட்டியது. பயிற்சியில் 70 முதல் 80 விழுக்காடு வேலையிடத்திலும் எஞ்சியது வகுப்பிலும் நடக்கும். வாரத்தில் ஒரு நாள் வகுப்பு என்றும் வைக்கலாம். சில மாதம் வேலை, பிறகு தொடர்ந்து வகுப்பு என்றும் வைக்கலாம். பயிலுநருக்கும் முதலாளிக்கும் இடையே எழுத்து ஒப்பந்தம் இருக்கும், மாத உதவித்தொகையும் உண்டு. கல்லூரி மாணவர் படிப்பின் ஒரு பகுதியாகச் சில மாதம் செய்யும் தொழிற்சாலைப் பயிற்சி வேறு. இரண்டையும் ஒன்றாக எண்ணக் கூடாது.

மூன்றாவது பாதை பி.பி.தி., அதாவது முன்பெற்ற திறனுக்கான அங்கீகாரம். நம்மவர்க்கு மிகவும் தேவைப்படுவது இதுதான். கிள்ளானில் பத்துப் பதினைந்து ஆண்டுகள் கார் பழுதுபார்த்தும் கையில் ஒரு சான்றிதழும் இல்லாதவர், மறுபடி வகுப்பில் உட்கார வேண்டியதில்லை. நோஸ் பட்டியலிடும் ஒவ்வொரு வேலைக்கும் தாம் அதைச் செய்ததற்கான ஆதாரத்தை ஒரு கோப்பாகத் தொகுக்க வேண்டும். பிரேக் மாற்றுவதானால், சக்கரத்தைக் கழற்றுவது முதல் ஓட்டிச் சோதிப்பது வரை தாமே செய்யும் படங்கள், வேலைச் சீட்டு, முதலாளியின் உறுதிக் கடிதம் எனச் சேரும். மதிப்பீட்டாளர் அதைத் தரநிலையோடு ஒப்பிடுவார். கேள்வி கேட்பார், வேண்டுமானால் செய்துகாட்டவும் சொல்வார். பிறகு ஜே.பி.கே. நியமித்த வெளிச் சரிபார்ப்பாளர் பார்த்து உறுதி செய்வார். வேலை நன்றாகத் தெரிந்தும் பலர் தடுமாறுவது இந்தக் கோப்பில்தான். படமும் சீட்டும் அன்றன்றே சேர்த்து வைத்தவருக்குப் பாதிச் சுமை குறையும்.

முதல் பாதையில் சொன்ன பயிற்சி நிலைய அங்கீகாரம் என்ற சொல்லையும் கவனமாகப் பார்க்க வேண்டும். ஜே.பி.கே. அதை நிலையம் முழுமைக்கும் பொதுவாக வழங்குவதில்லை. ஒவ்வொரு பயிற்சிக்கும் ஒவ்வொரு நிலைக்கும் தனித்தனியே வழங்குகிறது. மின்கம்பி வேலைக்கு 2ஆம் நிலை வரை அங்கீகாரம் பெற்ற இடத்தில் 3ஆம் நிலைக்குப் பணம் கட்டினால் எஸ்.கே.எம். கிடைக்காது. பி.தி.பி.கே. எனும் திறன் மேம்பாட்டு நிதிக் கழகம் வழங்கும் கடனும் அங்கீகாரம் பெற்ற பயிற்சிக்கே உரியது. ஆகவே பெற்றோர்களே, பிள்ளையைச் சேர்க்குமுன் பயிற்சியின் குறியீட்டு எண்ணையும் நிலையையும் கேட்டு வாங்கி, ஜே.பி.கே.யிடம் சரிபார்த்த பிறகே கட்டணம் செலுத்துங்கள்.