கண்ணுக்குள் ரத்த ஓட்டம்: எந்தப் பரிசோதனை எதைச் சொல்லும்?

"அத்தாவுக்குக் கண்ணுல லேசர் வைக்கப் போறாங்களாம்" என்று கேட்டதுமே நம் வீடுகளில் பயம் வந்துவிடுகிறது. லேசரில் இரண்டு வேலை உண்டு. சர்க்கரை நோயால் கெட்டுப்போன விழித்திரையில் சிறு சிறு புள்ளிகளாகச் சுடுவது சிகிச்சை. ரத்த ஓட்டத்தைப் பார்ப்பது பரிசோதனை. இதில் ஒளியின் வலிமை மிகக் குறைவு, எதையும் சுடாது.

கெங்குவார்பட்டி, தேவதானப்பட்டி பக்கத்தில் இருந்து நாம் பெரும்பாலும் போவது தேனிக்கு அல்லது மதுரைக்கு. மதுரையில் 1976-ல் டாக்டர் வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனைக்கு 1985 முதல் தேனியிலும் கிளை இருக்கிறது. இதுபோன்ற பெரிய கண் மருத்துவமனைகளில் டாக்டர் எழுதித் தருவது பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கும்.

ஒன்று, எஃப்.எஃப்.ஏ. கை நரம்பில் மஞ்சள் சாயம் ஏற்றுவார்கள். 10, 15 விநாடிகளில் அது கண்ணுக்கு வந்துவிடும். நீல ஒளி பட்டதும் ரத்தக் குழாய்கள் பச்சையாக ஒளிரும். எங்கே கசிகிறது என்பது பளிச்சென்று தெரியும். சிலருக்குக் குமட்டும். சிறுநீர் ஒரு நாள் மஞ்சளாகப் போகும், அதைக் கண்டு பதற வேண்டாம்.

இன்னொன்று, ஓ.சி.டி. ஆஞ்சியோ. ஊசியே இல்லை. அகச்சிவப்பு ஒளியால் (சில கருவிகளில் அது லேசர்) ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் படம் எடுக்கும். படத்துக்குப் படம் மாறுவது ஓடும் ரத்தம், மாறாதது சதை. முடியை விட மெல்லிய குழாய்களும் தெரியும். ஆனால் கசிவைக் காட்டாது. ரத்தம் மிக மெதுவாக ஓடினால் அந்தக் குழாய் இல்லாதது போலவே படத்தில் விழும். ஆகவே புதிய கருவி என்பதற்காகப் பழைய சாய ஊசியை வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது.

இவை இரண்டும் குழாய்களைக் காட்டுமே தவிர, ரத்தம் என்ன வேகத்தில் ஓடுகிறது என்று அளந்து சொல்லாது. அதற்கு வேறு முறைகள் உண்டு. லேசர் டாப்ளர் முறையை 1970-களில் சார்லஸ் ரிவா என்ற ஆய்வாளர் கண்ணில் பயன்படுத்தினார். பஸ் நெருங்கும்போதும் விலகும்போதும் ஹாரன் சத்தம் மாறுகிறதே, அதே கணக்குதான்: ஓடும் ரத்த அணுவில் பட்டுத் திரும்பும் ஒளியின் அலைவெண் மாறும். லேசர் ஸ்பெக்கிள் முறை இன்னும் எளிது. லேசர் பட்ட இடத்தில் மணல் போல மினுமினுப்பு தெரியும். ரத்தம் வேகமாக ஓடினால் அந்த மணிகள் கலங்கும். ஒரே கண்ணை இன்றும் ஆறு மாதம் கழித்தும் ஒப்பிட இது நல்லது. ஒருவரோடு இன்னொருவரை ஒப்பிட அவ்வளவு நம்பகமில்லை. ஜப்பானில் அதிகம் பயன்படுத்துகிறார்கள். மற்ற இடங்களில் இவை இரண்டும் பெரும்பாலும் ஆய்வுக்கூடத்தோடு நின்றுவிட்டன. நமக்கு எழுதித் தரவில்லையே என்று வருந்தத் தேவையில்லை.

டாக்டரிடம் நாம் கேட்க வேண்டியது, "கசிவைப் பார்க்கவா, அடைப்பைப் பார்க்கவா?" என்பதே. அலர்ஜி, சிறுநீரகக் கோளாறு, கர்ப்பம் எதுவானாலும் சாய ஊசிக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். சர்க்கரை உள்ளவர்கள் பார்வை நன்றாக இருந்தாலும் வருடம் ஒருமுறை விழித்திரையைக் காட்ட வேண்டும், ஏனென்றால் இந்தக் கசிவு வலிக்காது. போகும்போது துணைக்கு ஒருவரைக் கூட்டிப் போங்கள். சொட்டு மருந்து விட்ட பிறகு சில மணி நேரம் கண் கூசும், பைக் ஓட்டித் திரும்ப முடியாது.