படகுக்குத் தீ வைக்கும் கந்தல் துணி!

தீக்குச்சி வேண்டாம், பீடி நெருப்பு வேண்டாம். துணி தானாகவே தீப்பிடிக்கும்!

பாய்மரப் படகின் உள்ளே தேக்குப் பலகைகளுக்கு எண்ணெய் பூசி இருப்பார்கள். நாளடைவில் ஈரம் பட்டு அவை கறுத்துவிடும். புதுப்பிப்பது எளிது. சோப்புத் தண்ணீரால் துடைத்து, நன்றாகக் காயவிட வேண்டும். மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். பிறகு ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாகப் பூசி, கால் மணி நேரம் கழித்து, மிஞ்சிய எண்ணெயைத் துணியால் துடைத்து எடுக்க வேண்டும்.

ஆபத்து அந்தத் துணியில்தான் இருக்கிறது!

இந்த எண்ணெய், காற்றில் உள்ள பிராணவாயுவுடன் சேர்ந்து காய்கிறது. அப்போது சூடு உண்டாகும். விரித்த துணியில் சூடு வெளியேறிவிடும். கசக்கிக் குவித்துப் போட்டால், உள்ளேயே சூடு ஏறித் தீப்பற்றும்.

1991-ம் ஆண்டு பிப்ரவரி 23-ந் தேதி, அமெரிக்காவில் பிலடெல்பியா நகரில் 38 மாடிக் கட்டிடம் ஒன்றில் பெருந்தீ மூண்டது. மரப் பலகைகளைப் புதுப்பித்தவர்கள் விட்டுச்சென்ற எண்ணெய்த் துணிதான் காரணம். தீயணைக்கச் சென்ற 3 வீரர்கள் இறந்தார்கள்.

ஊரில் தீ என்றால் தெருவுக்கு ஓடலாம். நடுக்கடலில் எங்கே ஓடுவது?

ஆகவே, துணியைத் திறந்தவெளியில் விரித்துக் காயப்போடுங்கள். அல்லது தண்ணீர் நிறைந்த தகர டப்பாவில் போட்டு மூடுங்கள். வீட்டுக் கதவுக்கு இந்த எண்ணெய் பூசுகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கைதான்!