முகப்புக் கூரை: காற்று தூக்கினால் நிற்குமா?

சென்னையில் பேசின் பிரிட்ஜ், புளியந்தோப்பு, வியாசர்பாடி பக்கம் கடைகளுக்கும் குடோன்களுக்கும் முன்னால் ஷீட் கூரை இழுத்துவிடுவது வழக்கம். வெல்டிங் பட்டறைக்காரரிடம் எல்லாரும் கேட்பது, கனம் தாங்குமா என்று. தூக்கினால் நிற்குமா என்று யாரும் கேட்பதில்லை. புயல் அடிக்கும் ஊரில் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.

மூன்று பக்கம் திறந்த கூரைக்குள் காற்று புகுந்து, பின்சுவரில் மோதி, போக இடமில்லாமல் ஷீட்டை மேலே முட்டும். மேற்பரப்பில் ஓடும் காற்றோ அதே ஷீட்டை உறிஞ்சி இழுக்கும். முட்டலும் இழுப்பும் ஒரே திசையில் சேர்ந்துவிடுகின்றன. அடியில் மூட்டைகளை அடுக்கி அடைத்திருந்தால் முட்டல் இன்னும் கூடும்.

கணக்கு கடினமில்லை. காற்றின் சுமைக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 875, மூன்றாம் பகுதி. 2015-இல் திருத்தப்பட்ட அந்த விதியில் சென்னைக்கு அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கி.மீ. வேகத்தை அதே வேகத்தால் பெருக்கி, வந்ததை 0.6-ஆல் பெருக்கினால் அழுத்தம் கிடைக்கும்: சதுர மீட்டருக்கு 1,500 நியூட்டன், ஏறக்குறைய 153 கிலோ எடை. பத்தடிக்கு இருபதடிக் கூரைக்கு இது 2,800 கிலோவைத் தாண்டுகிறது. ஷீட்டும் பைப்பும் சேர்ந்த எடையோ சில நூறு கிலோதான். மிச்சத்தைப் பிடித்து நிறுத்த வேண்டியவை போல்ட்டுகள்.

இந்தத் தொகையைக் கூரையின் சரிவு, உயரம், சுற்றுப்புறம் பார்த்துப் பொறியாளர் கூட்டுவார் அல்லது குறைப்பார். நெருக்கமான வீடுகளுக்கு நடுவே வேகம் சற்றுக் குறையும். ரயில்வே யார்டையோ பக்கிங்ஹாம் கால்வாயையோ பார்த்து நிற்கும் கூரைக்கு அந்தச் சலுகையை எளிதில் கொடுக்கக் கூடாது. தொழிற்சாலைக் கட்டடமானால், புயல் தாக்கும் கடலோரப் பகுதியில் வேகத்தை 1.15-ஆல் பெருக்கச் சொல்கிறது விதி. விசை வேகத்தின் இருமடியில் ஏறுவதால் சுமை 32 சதவீதம் கூடிவிடும். பிறகு ஒருவர் விளிம்பில் பெரிய பெயர்ப்பலகை மாட்டுவார். அதன் மீது மோதும் காற்று முதலில் போட்ட கணக்கில் இருந்திருக்காது.

கடல் பக்கத்தில் என்பதால் உப்புக் காற்று போல்ட்டைத் தின்கிறது. வெளியே பெயின்ட் பளபளக்கும். தூணின் அடித்தகடான பேஸ் பிளேட்டுக்கு அடியில் துரு பிடித்திருக்கும். பழைய செங்கல் சுவரில் அடித்த ஆங்கர் போல்ட் சுவரோடு பிய்த்துக்கொண்டு வரலாம். ஆண்டுதோறும் அக்டோபருக்கு முன் இந்த இரண்டையும் பார்த்தே ஆக வேண்டும்.

2023 செப்டம்பர் 29 அன்று மழையும் காற்றுமான மாலையில் சைதாப்பேட்டை பெட்ரோல் பங்க் ஒன்றின் கூரை சரிந்தது. ஊழியர் ஒருவர் இறந்தார், பலர் காயமடைந்தனர். 2024 ஜூன் 28 அன்று டெல்லி விமான நிலைய முதல் முனையத்தின் முகப்புக் கூரை கனமழையில் விழுந்து ஒருவர் பலியானார்.

இப்படி நடந்தால், "இயற்கைச் சீற்றம், நாங்கள் என்ன செய்ய?" என்று உரிமையாளர் கைவிரிக்கக்கூடும். அதை அப்படியே ஏற்க வேண்டாம். 1951-இல் டெல்லி சாந்தினி சௌக்கில் மணிக்கூண்டு இடிந்து பலர் இறந்த வழக்கில், சாலையோரக் கட்டடத்தைப் பராமரிப்பது உரிமையாளரின் கடமை, குறை கண்ணுக்குத் தெரியாமல் இருந்தது என்பது சாக்காகாது என்று 1966-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் மணிக்கு 100 கி.மீ.க்கு மேல் வீசிப்போன ஊர் இது. விதி அதற்கும் மேலான வேகத்தை எழுதிவைத்திருக்கிறது. அந்த வேகத்துக்குள் அடித்த காற்றை எதிர்பாராதது என்று சொல்வது என் பார்வையில் நியாயமே இல்லை.

கூரை போடும்போதே, எந்தக் காற்று வேகத்துக்குக் கணக்கிட்டீர்கள் என்று கேட்டு, கட்டமைப்புப் பொறியாளர் கையெழுத்திட்ட வரைபடத்தையும் பில்லையும் வாங்கி வையுங்கள். வேலை மோசமாக இருந்தால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. அங்கே பில்தான் பேசும். பக்கத்துக் கூரை ஆடுகிறதா? போட்டோவுடன் மாநகராட்சிக்கு எழுத்தில் கொடுங்கள், 1913 என்ற மாநகராட்சித் தொலைபேசி எண்ணிலும் சொல்லிப் புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கட்டட அனுமதி ஆவணங்களைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். வேலை நேரத்தில் அடிபட்ட தொழிலாளிக்கு நஷ்டஈடு பெற உரிமை உண்டு.

ஏற்கெனவே விழுந்துவிட்டால், காயம்பட்டவர்களை மீட்டபின், இடிபாட்டை லாரியில் ஏற்றும் முன் போல்ட்டுகளையும் பேஸ் பிளேட்டையும் படமெடுங்கள். போலீஸில் புகார் கொடுத்து எஃப்.ஐ.ஆர். நகல் வாங்குங்கள், அறுந்த துண்டுகளைப் போலீஸ் கைப்பற்றி வைக்க வேண்டும் என்று புகாரிலேயே எழுதுங்கள். அவை பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டால் வழக்கின் முக்கியச் சாட்சி போய்விடும்.