பின்கட்டில்தான் இருக்கிறது கூத்து!

கண்காட்சிக்குப் போய்ச் சுவரை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவரா நீங்கள்? அட, பாதிதானே பார்த்திருக்கிறீர்கள்! விசேஷமெல்லாம் உள்ளே நடக்கிறது.

சென்னை கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாடமி. கண்காட்சிக் கூடத்தில் சட்டம் போட்ட படங்கள், இருமக்கூடத் தயங்கும் மரியாதை. அதே வளாகத்தின் அச்சுப் பட்டறைக்குள் எட்டிப் பார்த்தால் வேறு உலகம். மை வாசனை மூக்கில் ஏறும். மெழுகு பூசிய துத்தநாகத் தகட்டில் ஒருவர் ஊசியால் கீறிக்கொண்டிருப்பார். தகட்டை அமிலத்தில் இறக்கினால் கீறிய இடத்தில் மட்டும் குமிழ் குமிழாகக் கிளம்பும். உலோகத்தை அமிலம் தின்கிறது! குமிழிகளைப் பறவை இறகால் நாசூக்காகத் தள்ளிவிடுகிறார்கள். கொஞ்சம் கூடுதலாக ஊறினால் கோடு தடித்துவிடும்.

அப்புறம்தான் வேடிக்கை. தகடு முழுக்க மையை அப்புகிறார்கள். அப்பியதை எல்லாம் துணியால் துடைத்தும் விடுகிறார்கள்! பள்ளத்தில் தங்கியதுதான் படம். மேலே ஈரக் காகிதம், அதன்மேல் கம்பளி. பெரிய சக்கரத்தைச் சுற்றினால் உருளை எல்லாவற்றையும் நசுக்கிக்கொண்டு நகரும். காகிதத்தின் ஒரு மூலையைப் பிடித்து மெதுவாக உரிக்கும்போது பட்டறையில் ஒருவரும் மூச்சு விடுவதில்லை. இடது வலதாக, வலது இடதாக, வந்துவிட்டதய்யா படம்!

படத்தின் கீழே பென்சிலில் 3/15 என்று இருந்தால் மூன்றாம் தரம் என்று முகம் சுளிக்காதீர்கள். பதினைந்து பிரதிகளில் அது மூன்றாவது, அவ்வளவுதான்.

பகலுக்கு இது போதும். ராத்திரிக்குச் செய்யாறு, காஞ்சிபுரம் பக்கம் வண்டி ஏறுங்கள். பங்குனி, சித்திரை, வைகாசியில் திரௌபதி அம்மன் கோயில்களில் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் தெருக்கூத்து. பாய் விரித்து இடம் பிடிக்கிற வேலையை வீட்டுக்காரர்களிடம் விட்டுவிட்டு, வேஷம் கட்டும் கொட்டகைப் பக்கம் நழுவுங்கள். கேட்காமல் மட்டும் போட்டோ எடுக்க வேண்டாம்.

ஒற்றை பல்பு. கையகலக் கண்ணாடி. பெரும்பாலும் அவரவர் முகத்தை அவரவரே எழுதிக்கொள்கிறார்கள். இந்தப் பக்கம் ஒரு கன்னம் சிவந்துகொண்டே வர, பாதி துரியோதனன் நம்மைப் பார்த்துச் சிரிக்கிறான். அந்தப் பக்கம் பச்சை பூசிய கிருஷ்ணர் செல்போனில் யாரிடமோ வழி சொல்லிக்கொண்டிருக்கிறார். முந்தானையைச் செருகியபடியே டீ கேட்கிறார் திரௌபதி, கட்டைக் குரலில்! பெண் வேஷம் வழிவழியாக ஆண்கள் கட்டுவதுதான். இப்போது பெண்களும் ஆட வந்துவிட்டார்கள் என்பதில் எனக்குத் தனிச் சந்தோஷம்.

ராஜ வேஷத்துக்குக் கிரீடம், புஜக்கட்டை, மார்ப்பதக்கம். பார்த்தால் மணுக்கணக்கில் கனக்கும் போலிருக்கும். தூக்கிப் பார்த்தால், அடடே! கல்யாண முருங்கை மாதிரி லேசான மரத்தில் செதுக்கி, கண்ணாடிச் சில்லும் ஜிகினாவும் ஒட்டியவை. விடிய விடிய சுழன்று ஆடுகிறவர் தலையில் தேக்கையா வைக்க முடியும்? இந்தக் கட்டைகளால்தான் கட்டைக்கூத்து என்ற பேரே வந்தது. எல்லாவற்றையும் கயிற்றால் இழுத்து இறுக்கிக் கட்டுகிறார்கள். முடிந்ததும் எழுந்து நிற்பவர் சற்று முன் பீடிக்கு நெருப்புக் கேட்டவர்தானா என்று சந்தேகமே வந்துவிடும்.

வெளியே முகவீணை அலறுகிறது, மிருதங்கம் அவசரப்படுத்துகிறது. ஓடுங்கள், ஓடுங்கள், திரைப் பிரவேசம்! இரண்டு பேர் ஒரு துணியைப் பிடித்து நிற்கிறார்கள். மேலே கிரீடத்தின் நுனி மட்டும் ஆடுகிறது. கீழே சலங்கை கட்டிய கால்கள். உள்ளேயிருந்து பாட்டு. பாயில் படுத்திருந்த பொடிசுகள் எழுந்து உட்கார்ந்துவிட்டன. திரை விலகுகிறது, விசில் பறக்கிறது. அத்தனை பெரிய ராஜாவை வழிமறித்து, "யாரய்யா நீ?" என்று நையாண்டி பேச அங்கே கட்டியக்காரன் ஒருத்தனுக்குத்தான் லைசென்ஸ்!