எலும்புக்குக் காய்ச்சலும் பாய்ச்சலும்

மருந்து உடம்பில் எவ்வளவு நாள் நின்று வேலை செய்கிறதோ அவ்வளவு நல்லது என்பதுதான் நம் கணக்கு. எலும்பு அடர்த்திக் குறைவுக்கான சிகிச்சையும் அந்தப் பாதையில்தான் போய்க்கொண்டிருக்கிறது: வாரம் ஒரு மாத்திரை, ஆறு மாதத்துக்கு ஓர் ஊசி, வருடத்துக்கு ஒரு முறை டிரிப். இந்த வரிசையில் சேராத மருந்து டெரிபாராடைடு. தினமும் ஒருமுறை, பேனா போன்ற கருவியால், தொடையிலோ வயிற்றிலோ நோயாளி தானே போட்டுக்கொள்ள வேண்டும். அரை மணி நேரத்தில் ரத்தத்தில் அதன் அளவு உச்சத்தைத் தொடும். மூன்று, நான்கு மணி நேரத்தில் தடயமே இருக்காது. அப்படிச் சீக்கிரம் போய்விடுவதால்தான் அது எலும்பைக் கட்டுகிறது.

“தினமும் ஊசியா? அதுவும் நானே போட்டுக்கணுமா?” முதுகெலும்பு நொறுங்கிக் கூன் விழத் தொடங்கிய ஓர் அம்மாவிடம் டாக்டர் இதைச் சொன்னால், முதலில் வருவது இந்தக் கேள்விதான். நியாயமான கேள்வி. அதற்கான பதில் கழுத்திலுள்ள ஒரு சுரப்பியில் இருக்கிறது.

1849-ல் லண்டன் மிருகக்காட்சிசாலையில் ஓர் இந்தியக் காண்டாமிருகம் இறந்தது. அதை அறுத்து ஆராய்ந்த ரிச்சர்ட் ஓவன், தைராய்டை ஒட்டி மஞ்சள் நிறத்தில் ஒரு சிறு சுரப்பி இருப்பதைக் குறித்துவைத்தார். மனிதர்களிடமும் அது உண்டு என்று 1880-ல் எழுதியவர் சுவீடனின் உப்சாலாவில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த ஐவர் சாண்ட்ஸ்ட்ரோம். அதுதான் பாராதைராய்டு. ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் இந்தச் சுரப்பி ஹார்மோனை அனுப்பி, எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்துக் கொடுக்கச் சொல்லும். சுரப்பியில் கட்டி வந்து ஹார்மோன் இரவும் பகலும் கொட்டிக்கொண்டே இருந்தால் எலும்பு கரைந்து பலவீனமாகிவிடும்.

எலும்பைக் கரைக்கும் ஹார்மோனை, எலும்பு தேய்ந்தவருக்கே மருந்தாகக் கொடுப்பதா? கேட்டால் பைத்தியக்காரத்தனமாகத்தான் தோன்றும். ஆனால் பின்னாளில் மன அழுத்த ஆய்வால் உலகப் புகழ்பெற்ற ஹான்ஸ் செல்யே, இந்தச் சுரப்பியின் சாற்றைச் சிறு அளவில் எலிகளுக்குக் கொடுத்தபோது புது எலும்பு உருவாவதைக் கண்டு 1932-லேயே எழுதிவிட்டார். அது மருந்தாக வருவதற்கு எழுபது ஆண்டுகள் ஆயின.

நெல் விவசாயிகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. வயலைக் காயவிட்டு, பிறகு பாய்ச்சி, இப்படிக் காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் விட்டால் பயிர் தூர் கட்டும். இந்த ஹார்மோனும் அப்படித்தான். நம் எலும்பில் பழைய பகுதியைக் கரைக்கும் செல்களும் புதிதாகக் கட்டும் செல்களும் ஓயாமல் வேலை செய்துகொண்டிருக்கின்றன. மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைவதால் கரைக்கும் செல்களின் கை ஓங்கிவிடுகிறது. பாராதைராய்டு ஹார்மோன் சட்டென்று ஏறிச் சட்டென்று இறங்கினால், முதலில் விழித்துக்கொள்பவை கட்டும் செல்கள். இறங்காமல் அப்படியே நின்றுவிட்டால் கரைக்கும் செல்கள் பெருகிவிடும். ஆகவே தினம் ஒரு பாய்ச்சல், மீதி நேரமெல்லாம் காய்ச்சல்.

இயற்கையான ஹார்மோனில் 84 அமினோ அமிலங்கள். வேலைக்கு வேண்டியது முதல் 34 மட்டுமே. அந்தத் துண்டுதான் டெரிபாராடைடு. அதை ஈ.கோலை பாக்டீரியாவைக் கொண்டு தயாரிக்கிறார்கள். மாத்திரையாக விழுங்கினால் வயிறு அதைச் சாப்பாட்டுப் புரதம்போலச் செரித்துவிடும். ஊசியைத் தவிர வேறு வழியில்லை என்றானது இதனால்தான்.

2001-ல் வெளியான முக்கியமான ஆய்வில் 1,637 பெண்கள் பங்கேற்றனர். எல்லோருக்கும் ஏற்கெனவே முதுகெலும்பு முறிவு இருந்தது. சராசரி வயது எழுபதை ஒட்டி. வெற்று ஊசி போட்டுக்கொண்டவர்களில் 14 சதவீதம் பேருக்குப் புதிதாக முதுகெலும்பு முறிவு வந்தது. தினம் 20 மைக்ரோகிராம் மருந்து போட்டுக்கொண்டவர்களில் 5 சதவீதம் பேருக்கு மட்டுமே. இந்த எண்களைச் சொல்பவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் செய்தி ஒன்று உண்டு. அந்தப் பெண்கள் தினமும் தாங்களேதான் ஊசி போட்டுக்கொண்டார்கள். “இந்த வயசுல என்னால முடியுமா” என்பதற்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை.

அதே சமயம் எலிகளிடமிருந்து ஒரு கெட்ட செய்தியும் வந்தது. ஏறக்குறைய ஆயுள் முழுக்க அதிக அளவில் இந்த மருந்தைப் பெற்ற எலிகளுக்கு எலும்புப் புற்றுநோய் வந்தது. அதனால் பெண்களிடம் நடந்த அந்த ஆய்வை முன்கூட்டியே முடித்துக்கொண்டார்கள். 2002-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தபோது கடுமையான எச்சரிக்கையும், இரண்டு ஆண்டுகளுக்கு மேல் கூடாது என்ற வரம்பும் சேர்ந்தே வந்தன. பல ஆண்டுகள் கண்காணித்தும் மனிதர்களிடம் அந்த ஆபத்து கூடியதாகத் தெரியாததால், 2020-ல் அந்த எச்சரிக்கை நீக்கப்பட்டது. ஆனாலும் எலும்பில் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவர்கள், எலும்புப் புற்றுநோய் இருந்தவர்கள், ரத்தத்தில் கால்சியம் அதிகம் உள்ளவர்கள் ஆகியோருக்கு இது ஆகாது. சிறுநீரகக் கல் இருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

இரண்டு ஆண்டு என்றால் 730 ஊசி. இதற்காகத் தினமும் ஆட்டோ பிடித்துக் கிளினிக் போக முடியாது. நர்ஸை வீட்டுக்கு வரவழைத்தாலும் கட்டுப்படியாகாது. கற்றுக்கொள்வதுதான் வழி. நம் ஊரில் அதற்கு வாத்தியார்களுக்குப் பஞ்சமில்லை. தெருவுக்கு நாலு பேர் இன்சுலின் போட்டுக்கொள்கிறார்கள். பயம் போக அவர்களிடம் பேசலாம். முறையை மட்டும் நர்ஸிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சர்க்கரைக்கு ஏற்ப இன்சுலின் அளவு மாறும். இதில் என்றைக்கும் 20 மைக்ரோகிராம்தான். இந்திய நிறுவனங்களும் இம்மருந்தைத் தயாரிப்பதால் பேனாவுக்குப் பேனா விசையும் திருகும் வேறுபடும். முதல் ஊசியை நர்ஸ் பார்த்துக்கொண்டிருக்க நீங்களே போடுங்கள். அவர் போட்டு நீங்கள் வேடிக்கை பார்த்தால் கை பழகாது.

ஊசியின் முனையைப் பார்த்தால் பாதி பயம் போய்விடும். கால் மில்லி மீட்டர் தடிமன், நீளம் அரை சென்டிமீட்டர் அளவு. தசைக்குள் போக வேண்டியதில்லை. தோலுக்கு அடியிலுள்ள கொழுப்பைத் தொட்டால் போதும். கையைக் கழுவி, மருந்து தெளிவாக இருக்கிறதா என்று பார்த்து, புது ஊசியை மாட்டி, நேராகக் குத்தி, விசையைக் கடைசிவரை அழுத்த வேண்டும். பலரும் தவறுவது அதற்குப் பிறகுதான். வலிக்குமோ என்ற அவசரத்தில் சட்டென்று உருவிவிடுகிறார்கள். ஒரு வேளை மருந்து என்பது 0.08 மில்லி, அதாவது ஒன்றரைத் துளி சொச்சம். இதில் கொஞ்சம் தோலில் வழிந்தாலும் நஷ்டம்தான். அழுத்தியபடியே நிதானமாக ஐந்து வரை எண்ணிவிட்டு எடுங்கள். நேற்று வலத் தொடை என்றால் இன்று இடத் தொடை. ஊசியைக் கழற்றாமல் பேனாவை ஃபிரிட்ஜில் வைத்தால் மருந்து கசியும், காற்றுக் குமிழி புகும்.

முதல் சில நாட்கள் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து போட்டுக்கொள்வது நல்லது. சிலருக்கு எழுந்ததும் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். எலும்பு முறியாமல் இருக்க ஊசி போட்டுவிட்டு, தலை சுற்றிக் கீழே விழுந்தால் என்ன பயன்? ஒரு நாள் மறந்துவிட்டால் அன்றைக்கே ஞாபகம் வந்ததும் போடலாம். மறுநாள் சேர்த்து இரண்டாகப் போடக் கூடாது.

பேனா இருக்க வேண்டியது 2 முதல் 8 டிகிரியில். ஃப்ரீசரை ஒட்டினாற்போல் வைத்து உறைந்துபோனால் உருக்கிப் பயன்படுத்தக் கூடாது. வழக்கமாக ஒரு பேனா 28 நாளுக்கு. அதன்பின் உள்ளே மிச்சம் இருந்தாலும் தூக்கிப் போடத்தான் வேண்டும். விலை தெரிந்தவர்களுக்கு மனசு வராது. ஆனாலும் இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

பயன்படுத்திய ஊசியைக் குப்பைக் கவரில் போட்டுவிடாதீர்கள். அதைப் பிரிக்கும் தூய்மைப் பணியாளரின் கையில்தான் அது குத்தும். கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்துத் தனியாகக் கொடுங்கள். வீட்டு அபாயக் கழிவுகளின் பட்டியலில் ஊசியையும் சேர்த்திருந்தன 2016-ம் ஆண்டுத் திடக்கழிவு விதிகள்.

பேனாவை வாங்கித் தரும் பிள்ளைகள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. ஊசியை நிறுத்தி, வேறு எதுவும் தொடராமல் விட்டால், கட்டிய எலும்பு மெல்லக் கரையத் தொடங்கும். அதைக் காக்க உடனே வேறு மருந்தைத் தொடங்குவதுதான் வழக்கம். கடைசிப் பேனா தீர்வதற்கு முன்பே, அடுத்து என்ன மருந்து, எந்தத் தேதியில் என்று டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.