இசைத்தாளைப் படிக்கும் மென்பொருள்

மேலைநாட்டு இசையை எழுத ஐந்து கிடைக்கோடுகள் பயன்படுகின்றன. அக்கோடுகளின் மீதும் இடைவெளிகளிலும் சுரக்குறிகள் இடப்படும். குறி நிற்கும் உயரம், சுரம் எது என்பதைக் காட்டும்; குறியின் வடிவம், அச்சுரம் எவ்வளவு நேரம் ஒலிக்க வேண்டும் என்பதைக் காட்டும். பயிற்சி பெற்றவர் இத்தாளைப் பார்த்தே பியானோவோ வயலினோ வாசிப்பார். கணினியாலும் இதனைப் படிக்க முடியுமா? முடியும்.

இதற்கான ஆய்வு 1960களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் தொடங்கியது. 1980களில் ஜப்பானின் வசேடா பல்கலைக்கழகத்தில் வாபாட்-2 என்னும் எந்திர மனிதன் உருவாக்கப்பட்டது. அது இசைத்தாளைத் தன் ஒளிப்படக் கருவியால் பார்த்து, மின்னணு ஆர்கனை வாசித்தது.

இன்றைய மென்பொருள் படிப்படியாகச் செயல்படுகிறது. முதலில் வருடி என்னும் கருவி தாளைப் படமாக்குகிறது. மென்பொருள் அப்படத்தில் ஐந்து கோடுகளையும் கண்டறிகிறது. கோடுகளோடு ஒட்டியுள்ள குறிகளைப் பிரித்தெடுக்கிறது. ஒவ்வொரு குறியும் இன்னதெனத் தீர்மானிக்கிறது. முடிவில் மியூசிக்எக்ஸ்எம்எல் போன்ற கோப்பாக மாற்றித் தருகிறது. அக்கோப்பைக் கணினி ஒலித்துக் காட்டும். பாடுவோர் குரலுக்கேற்பச் சுருதியையும் மாற்றும்.

ஆயினும் இப்பணி எளிதன்று. தமிழில் 'க' என்னும் எழுத்தின்மேல் புள்ளி வைத்தால் அது 'க்' என மாறுகிறது. இசைத்தாளிலும் புள்ளிக்கு இத்தகைய ஆற்றல் உண்டு. குறியின் வலப்பக்கத்தில் புள்ளி நின்றால் சுரம் ஒன்றரை மடங்கு நீளும். குறியின் மேலோ கீழோ நின்றால் சுரம் குறுகி ஒலிக்கும். தாளில் படிந்த அழுக்கையும் மென்பொருள் புள்ளியெனக் கொள்ளக்கூடும். இதனை அறிய ஒரு வழி உண்டு. இரு செங்குத்துக் கோடுகளுக்கு இடையே நான்கு எண்ணிக்கை வர வேண்டிய இடத்தில் நான்கரை வந்தால், அங்கே பிழை இருக்கிறது என்பது தெளிவு. எனினும் எல்லாப் பிழைகளும் கணக்கில் அகப்படுவதில்லை.

இம்மென்பொருளால் பெரும்பயன் அடைவோருள் பார்வையற்றோரும் அடங்குவர். பிரெயில் எழுத்தை உருவாக்கிய லூயி பிரெயில் (1809–1852) ஆர்கன் இசைக் கலைஞரும் ஆவார். அவர் ஆறு புள்ளிகளைக் கொண்டே இசையையும் எழுத வழி வகுத்தார். ஆனால், அச்சில் உள்ள இசைத்தாள்களுள் பெரும்பாலானவை பிரெயிலில் கிடைப்பதில்லை. வல்லுநர் ஒருவர் அமர்ந்து, ஒவ்வொரு குறியாக மாற்றி எழுத வேண்டியிருந்தது. இன்று மென்பொருள் தரும் கோப்பை மற்றொரு மென்பொருள் பிரெயில் இசைக்குறிகளாக மாற்றுகிறது. பார்வையற்ற மாணவர் ஒரு கையால் அதனைத் தடவிப் படித்து, மறு கையால் பியானோ வாசித்துப் பழகலாம்.

அவரால் அதனை அச்சுத்தாளோடு ஒப்பிட்டுப் பார்க்க இயலாது. எனவே, பார்வையுள்ள ஒருவர் முன்னதாகவே இரண்டையும் ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். தவறாக விழுந்த ஒரு புள்ளியும் அம்மாணவரின் பாட்டை மாற்றிவிடும்.